பலன்ஸ் செய்த ஒரு வாரத்தில் மறுபடி ஆடிய மின்சார வான்: மட்டக்களப்பில் தயிர் ஏற்றும் ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

எந்த வண்டி, என்ன வேலை

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எருமைத் தயிர் எடுத்து, மண்முனைப் பாலம் கடந்து ஆரையம்பதிக்கு வந்து, அங்கிருந்து ஏ4 வீதியில் களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை என்று கடை கடையாகப் போடும் ஒரு குடும்பத்தின் வண்டி இது. 2014இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏற்றித்தான் சட்டிகளைக் கொண்டுவந்தார்கள். பாலம் வந்தபிறகு ஒரு வான் போதும் என்ற நிலை. 2022இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் கோட்டில் கிடைத்த கொஞ்ச எண்ணெயை வைத்துத் தொழில் நடத்திய காலத்தில்தான் மின்சார வண்டி வாங்கும் எண்ணம் வந்தது என்று உரிமையாளர் சொன்னார். நாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு நிசான் இ-என்வி200 கைமாறி இவரிடம் வந்தது. ஜப்பானில் 2014இல் விற்பனைக்கு வந்த வான் அது. 24 கிலோவாட் மணி பற்றரி, முன்சக்கர இழுவை, 80 கிலோவாட் மோட்டார். வீட்டிலே இரவில் சார்ஜ் போட்டு அதிகாலையில் கிளம்பினால் கல்முனை போய் வரப் போதும்.

இந்தக் கதைக்கு முக்கியமான ஓர் எண் மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டாரின் முறுக்குவிசை 254 நியூட்டன் மீற்றர், அதுவும் நின்ற இடத்திலிருந்தே முழுதாகக் கிடைக்கும். அதே அளவு பெற்றோல் வான் கியர் மாற்றி இரைந்து மெல்ல எடுக்கும் இழுவையை இது கால் வைத்தவுடன் முன்டயரில் இறக்கிவிடும்.

டயர் மாற்றுவதற்கு முன் நடந்தது

கடற்கரையோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு இரும்பு ரிம் நீண்ட காலம் தாங்காது. உப்புக் காற்றில் விளிம்பெல்லாம் பொரிந்து துருவேறி, ரிம்மும் டயரும் சேரும் இடத்தால் காற்றுக் கசிய ஆரம்பிக்கும். இந்த வானிலும் அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய ஜப்பான் பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்ததால், வேறு ரிம் தேடாமல் இருக்கிற நான்கையுமே சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். அடித்தவர் நேர்த்தியான வேலைக்காரர். உள்ளே வெளியே என்று ஓர் இடம் விடாமல் பளபளப்புப் பெயின்ட் இரண்டு கை அடித்திருந்தார். டயரின் வாய் வந்து உட்காரும் அந்த விரலகல வளையத்திலும் சேர்த்துத்தான்.

பிறகு நான்கு புது டயர். டயரில் இருந்த சுமை எண் 92, அதாவது ஒன்று 630 கிலோ தாங்கும். முழுச் சுமையோடு இரண்டு தொன்னைத் தாண்டும் வானுக்கு அது சரியான தேர்வு. அந்தப் பக்கம் குறை இல்லை. டயர் கடையில் ஏற்றி, சக்கரத்தின் பாரம் சுற்றிவரச் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பலன்ஸ் மெஷினில் போட்டு, நான்கிலும் குறை இல்லை என்று சைபர் காட்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே தயிர் ஏற்றப் போய்விட்டார்கள். அன்றைய சுமையை அன்றே கொண்டுபோக வேண்டும், தயிர் காத்திருக்காது. அவர்கள் நிலைமையில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

கண்டவை

முதல் சில நாள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 60க்குக் கீழே ஒன்றும் தெரியாது, 65 தாண்டினால் கை நடுங்கும், 70இல் கதவுக் கண்ணாடியில் பின்வண்டி தெளிவாகத் தெரியாத அளவுக்கு ஆட்டம், 80இல் மறுபடி குறையும். சாரதிக்கு முன்பே இதைக் கண்டுகொண்டவர்கள் கடைக்காரர்கள்தான். சட்டியைத் திறந்தால் ஆடை உடைந்து தண்ணீர் மிதக்கிறது என்று கல்முனையில் இரண்டு கடை திருப்பிக் கொடுத்தது. வைக்கோல் வைத்து நெருக்கி அடுக்கிய சட்டி, ஒன்றோடொன்று முட்டவில்லை, உடையவில்லை, ஆனால் உள்ளே தயிர் கலங்கியிருக்கிறது என்றால் இடியை விட்டுவிட்டு விடாத நடுக்கத்தைத்தான் தேட வேண்டும்.

வண்டியை டயர் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். முன் இடது சக்கரத்தில் 50 கிராம், முன் வலதில் 30 கிராம் குறை என்று மெஷின் காட்டியது. பின் இரண்டிலும் பேருக்குத்தான் இருந்தது. குறையைச் சமப்படுத்த ரிம்மின் விளிம்பில் ஈயக்கட்டி வைத்தார்கள், சைபர் வந்தது, ஆட்டம் போனது. ஒரு வாரம் போவதற்குள் திரும்ப அதே ஆட்டம். மறுபடி கடை, மறுபடி ஈயம், மறுபடி சைபர், மறுபடி ஆட்டம். இடையில் சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்டும் ஒருமுறை செய்து பார்த்தார்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, டயர் ஒருபுறமாகத் தேயவில்லை, ஆகவே அது தேவையில்லாத செலவு.

50 கிராம் என்றால் கையில் ஒன்றுமில்லை போல இருக்கும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் அந்த 50 கிராம் இருந்து, வண்டி 70இல் போனால், சக்கரம் நொடிக்கு 10 சுற்றுச் சுற்றும், அந்தச் சின்னக் கட்டி கிட்டத்தட்ட 4 கிலோ பாரத்தின் விசையோடு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கும். மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்குப் பத்துத் தடவை. வேகம் பாதியாகி 35 ஆனால் அந்த இழுவை நாலில் ஒன்றாகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாமல் ஏ4இல் ஏறியதும் ஆடுவதற்குக் காரணம் இதுதான். பெற்றோல், டீசல் வண்டியில் என்ஜின் நடுக்கத்துக்குள் பாதி மறைந்துபோகும் ஆட்டம், இந்த வானில் மறைய இடமில்லாமல் அப்படியே கைக்கு வரும்.

மோட்டாரைத் திறக்கலாமா என்ற கேள்வி

இந்தக் கட்டத்தில்தான் உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். விநியோக வண்டிகளின் பராமரிப்பைப் பார்ப்பதுதான் என் வேலை. நான் போகும்போது மோட்டாரை இறக்கிப் பெயாரிங் பார்க்கலாம் என்ற முடிவு ஏறக்குறைய எடுத்தாயிற்று. "தம்பி, டயரெல்லாம் புதுசு, பலன்ஸும் செஞ்சாச்சு, இனி மோட்டார்தானே மிச்சம்" என்றார் அவர். வேறு ஒரு கராஜில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். மின்சார வண்டி என்றால் எது நடந்தாலும் மோட்டார், பற்றரி என்று கைகாட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதனால் மக்கள் வீணாகப் பயந்து செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கும்.

மோட்டாரை விடுங்கள் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணம். முதலாவது, ஆட்டத்தின் தாளம். இந்த வானில் சக்கரம் ஒருமுறை சுற்ற மோட்டார் ஒன்பது முறைக்குச் சற்று மேல் சுற்றும். 70இல் சக்கரம் நொடிக்கு 10 சுற்று என்றால் மோட்டார் 90 சுற்றுக்கு மேல். மோட்டாரில் கோளாறு என்றால் வருவது மெல்லிய ரீங்காரம் அல்லது சிணுங்கல். ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டும் இந்த மெதுவான ஆட்டம் சக்கரத்தின் வேகத்தில் வருவது. இரண்டாவது, அதிகாலையில் குருக்கள்மடம் தாண்டி வீதி வெறுமையாக இருந்த இடத்தில் 70க்குக் கொண்டுபோய் நியூட்ரலில் போட்டுப் பார்த்தோம். மோட்டார் இழுக்கவுமில்லை, தடுக்கவுமில்லை, வண்டி தன்பாட்டில் உருள்கிறது, ஆட்டம் துளியும் குறையவில்லை.

சரி, டயர்தான். அப்படியென்றால் சைபர் காட்டிய டயர் ஒரு வாரத்தில் எப்படி 50 கிராம் ஆகிறது? யாரும் அதுவரை கேட்காத கேள்வி அதுதான். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் போக்கினார்களே தவிர, பலன்ஸ் ஏன் கெட்டது என்று பார்க்கவில்லை. ஈயக்கட்டி விழுந்திருந்தால் கெடும், விழவில்லை. ரிம்முக்குள் சேறு ஒட்டியிருந்தால் கெடும், படுவான்கரை வயல் வீதியில் ஓடும் வண்டிக்கு அது அடிக்கடி வரும், ஆனால் உள்ளே சுத்தமாக இருந்தது. பஞ்சர் ஒட்டும் போடவில்லை. பிறகு என்ன?

இடது ரிம்மில் இருந்த ஈயக்கட்டிகள்

முன் இடது சக்கரத்தைக் கழற்றி நிலத்தில் சாய்த்துப் பார்த்தபோது விடையின் பாதி அங்கேயே கிடந்தது. வெளி விளிம்பில் நான்கு கட்டி. இரண்டு முதல் நாள் வைத்தவை, பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது கொஞ்சம் தள்ளி. நான்காவது ஏறக்குறைய அவற்றுக்கு நேர் எதிரே. எதிரெதிராக வைத்த கட்டிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், அவை வண்டிக்குச் சும்மா பாரம். ஒவ்வொரு தடவையும் பழையதைக் கழற்றாமல் மேலே மேலே வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நன்மையும் இருந்தது, ஒவ்வொரு முறையும் குறை எந்தப் பக்கம் வந்தது என்ற பதிவு ரிம்மிலேயே இருந்தது. குறை ஒரே பக்கத்தில் கூடிக்கொண்டு போகவில்லை, வட்டத்தில் நகர்ந்துகொண்டு போயிருக்கிறது. ஒரு டயரின் பாரமான பக்கம் ரிம்மைச் சுற்றி நகர்கிறதென்றால், டயரே ரிம்மில் சுற்றுகிறது.

சந்தேகத்தை நிரூபிக்க வெள்ளைப் பெயின்ட் பேனாவால் நான்கு சக்கரத்திலும் ஒரு கோடு போட்டோம், டயரின் பக்கச்சுவரில் தொடங்கி ரிம்மின் விளிம்பில் முடியும் ஒரே நேர்கோடு. வால்வுக்கு நேரே போட்டால் மறக்காது. புதிதாக ஈயம் எதுவும் வைக்கக் கூடாது, வழக்கம்போல ஓட்டுங்கள், சுமையையும் குறைக்க வேண்டாம் என்று சாரதியிடம் சொன்னோம். ஆடுகிற வண்டியை அப்படியே ஓடவிட உரிமையாளருக்கு மனமில்லை, ஒவ்வொரு நாளும் நட்டம் அவருக்குத்தானே. ஆனால் இந்தச் சோதனையைத் தவிர்த்தால் இன்னொரு சைபர்தான் கிடைக்கும் என்று சொன்னபோது ஒத்துக்கொண்டார். தயிரை மட்டும் அந்த நாட்களில் 55க்கு மேல் போகாமல் கொண்டுபோகச் சொன்னேன்.

சில நாளில் பார்த்தபோது பின்சக்கரம் இரண்டிலும் கோடு போட்டபடியே இருந்தது. முன் வலதில் டயரில் இருந்த கோடும் ரிம்மில் இருந்த கோடும் அரைச் சாண் விலகியிருந்தன. முன் இடதில் ஒரு சாண். 15 அங்குல ரிம்மின் சுற்றளவு சுமார் 120 சென்ரிமீற்றர், ஒரு சாண் என்றால் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. டயர் மட்டும் தனியாக 50 கிராம் பாரக்குறை கொண்டதாக இருந்தால், அதை ஆறில் ஒரு பங்கு திருப்பினாலே மெஷினில் செய்த பலன்ஸ் முழுதாகக் கெட்டு அதே 50 கிராம் திரும்ப வந்துவிடும். அரைச் சாண் என்றால் அதில் பாதியளவு. மெஷின் முன்பு காட்டிய எண்களோடு இது பொருந்தியது.

ஏன் முன்டயர் மட்டும் சுற்றியது

காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. டயர் உட்காரும் வளையத்தில் பளபளப்புப் பெயின்ட். அதன்மேல் டயர் ஏற்றும்போது தாராளமாக ஊற்றிய சவர்க்காரத் தண்ணீர், டயர் லேசாக ஏற வேண்டும் என்பதற்காக. அது காய்வதற்கு நேரம் கொடுக்காமல் அன்றே முழுச் சுமை. காற்றும் காருக்கு அடிக்கும் அளவுதான் அடித்திருந்தார்கள், கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் போட்டிருப்பதைவிடக் குறைவு. டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பதே உள்ளே இருக்கும் காற்றுத்தான், அது குறைந்தால் பிடியும் குறையும்.

அதற்குமேல் அந்த மோட்டார். சாரதி இளவட்டம், வண்டியை நன்றாகக் கவனிப்பவர், ஆனால் பாலத்தின் ஏற்றத்தில் முழுச் சுமையோடு நின்று எடுக்கும்போது ஒரேயடியாக மிதிப்பார். இறக்கத்தில் கியரை 'B'இல், அதாவது மோட்டாரே வண்டியைத் தடுக்கும் நிலையில், போட்டு விடுவார், பற்றரிக்குச் சார்ஜ் திரும்பும் என்பதால். அது நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தத் தடுப்பும் முன்சக்கரத்தில்தான் விழுகிறது. முன்னே ஓர் இழுவை, பின்னே ஓர் இழுவை என்று நாள் முழுக்க. சவர்க்காரம் பூசிய கையில் வளையல் சுற்றுவது போல டயர் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியிருக்கிறது. பின்சக்கரத்துக்கும் அதே பெயின்ட், அதே சவர்க்காரம், ஆனால் அதை மோட்டார் திருகுவதில்லை, ஆகவே கோடு அசையவில்லை.

எடுத்த முடிவுகளும் செய்த வேலையும்

டயர் கடைக்குத் திரும்பப் போனோம். கடைக்காரர் மனத்தாங்கலில் இருந்தார், "தம்பி, மெஷின் சைபர் காட்டுதே, இதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஒவ்வொரு முறையும் அவர் கடையிலிருந்து வண்டி நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. "நானா, ஈயம் இப்ப வேணாம், இந்தக் கோட்டை ஒருக்காப் பாருங்க" என்று காட்டினேன். பார்த்தவர் கொஞ்ச நேரம் ரிம்மைச் சுற்றி விரலை ஓட்டிவிட்டு, டயரைக் கழற்றச் சொல்லித் தன் ஆளைக் கூப்பிட்டார். அதற்குப்பின் அவர் எங்களைவிட அக்கறையாக நின்று வேலை செய்தார்.

வண்டியைத் தூக்கும்போதே ஒரு தடவை நிறுத்த வேண்டி வந்தது. வேலைக்காரப் பையன் பழக்கத்தில் ஜக்கை வானின் நடுவயிற்றுக்குக் கீழே தள்ளினான். மின்சார வானில் அந்த இடத்தில் இருப்பது பற்றரிப் பெட்டி. அதன் அடித்தகட்டில் ஜக்கை வைத்துத் தூக்கினால் தகடு உள்ளே அமுங்கும், வெளியே தெரியும் நெளிவு சின்னதாக இருந்தாலும் உள்ளே என்ன ஆனது என்று தெரியாது. பக்க ஓரத்தில் ஜக் வைப்பதற்கென்றே குறித்த இடம் இருக்கிறது, அங்கே மட்டும்தான் வைக்க வேண்டும். கீழே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் தடித்த வயர் உயர்மின் வயர், அதில் கையோ கருவியோ படக்கூடாது. டயர் கடைகளில் இதை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

முன் இரண்டு டயரையும் கழற்றி, உட்காரும் வளையத்திலிருந்த பெயின்ட்டைக் கம்பித் தூரிகையாலும் மெல்லிய உப்புத்தாளாலும் இரும்பு தெரியும்வரை எடுத்தோம். துருவைத் தடுக்க அந்த இடத்தில் மெல்லிய பிரைமர் மட்டும், அதையும் நன்றாகக் காயவிட்டு. டயரின் வாயில் படிந்திருந்த சவர்க்காரப் பசையைத் துடைத்தோம். ஏற்றும்போது சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம், டயருக்கென்று விற்கும் பேஸ்ட், அதுவும் மெல்லியதாக. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தது. அது டயரின் பாரம் குறைந்த இடத்தைக் காட்டுவது, அதை வால்வுக்கு நேரே வைத்து ஏற்றினால் ஈயம் குறைவாகத் தேவைப்படும். முதல் தடவை அதை யாரும் பார்க்கவில்லை.

பழைய ஈயம் ஒன்று விடாமல் கழற்றிய பிறகே மெஷினில் போட்டோம். சக்கரத்தின் நடு ஓட்டை மெஷினின் கூம்பில் சரியாக உட்காராவிட்டால் வரும் சைபருக்கு மதிப்பில்லை. சக்கரமும் டயருமாக 17 கிலோ என்று வைத்தால், மையம் அரை மில்லிமீற்றர் விலகினாலே விளிம்பில் 45 கிராம் குறை இருப்பதற்குச் சமம். அதனால் ரிம்மின் நடு ஓட்டையையும், வண்டியில் ரிம் போய் முட்டும் முகத்தையும் துரு இல்லாமல் தேய்த்தோம். ஒருமுறை சைபர் வந்ததும் சக்கரத்தைத் தளர்த்தி, பாதிச் சுற்றுத் திருப்பி மறுபடி பூட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்போதும் சைபருக்குப் பக்கத்தில் வந்தால்தான் கூம்பு சரி. வந்தது. இடதுக்கு 20 கிராம், வலதுக்கு 15 கிராம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. நட்டுகளை எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் முடித்தார்கள். காற்று, தூணில் உள்ள தாளின்படி.

வண்டியை அன்று ஏற்ற விடவில்லை. தயிருக்கு ஒரு நாள் ஆட்டோ பிடித்தார்கள். பேஸ்ட் காய இரவு முழுக்க நின்றது, அடுத்த நாளும் மெதுவாக எடு, மெதுவாக நிறுத்து என்று சாரதிக்குச் சொல்லி அனுப்பினோம்.

பின்னர் நடந்தது

புதிதாகப் போட்ட கோடு ஒரு மாதம் கழித்தும் இரண்டு முன்சக்கரத்திலும் நேராகவே இருந்தது. மெஷினில் போட்டுப் பார்த்தபோது இடதில் 5 கிராம், வலதில் 10 கிராம், கையில் தெரியாத அளவு. ஆட்டம் இல்லை. கல்முனைக் கடைகள் தயிரைத் திருப்பி அனுப்புவதும் நின்றது. ஆனால் ஆடிய வாரங்களில் முன் இடது டயரின் ஓரம் அலை அலையாகத் தேய்ந்துவிட்டது. 50க்கு மேல் அதிலிருந்து ஓர் உறுமல் சத்தம் இப்போதும் வருகிறது, அது பலன்ஸால் போகாது. புது டயரில் ஒன்றின் ஆயுளில் ஒரு பகுதி அப்படிப் போனதுதான் உரிமையாளருக்கு மிஞ்சிய நட்டம்.

டயர் கடைக்காரர் இப்போது எந்த வானுக்கு டயர் ஏற்றினாலும் வால்வுக்கு நேரே ஒரு கோடு போட்டுத்தான் அனுப்புகிறார். பெயின்ட் அடித்தவருக்கும் சொல்லியாயிற்று, ரிம் கொண்டுவந்தால் டயர் உட்காரும் வளையத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும் என்று.

இன்னும் முடியாத ஒரு வேலை இருக்கிறது. பின் இரண்டு ரிம்மிலும் அதே பளபளப்புப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. மோட்டார் திருகாததால் அங்கே தொந்தரவு இல்லை, ஆனால் தேய்மானம் சமப்பட முன்னையும் பின்னையும் மாற்றும் நாளில் அந்த ரிம்கள் முன்னுக்கு வரும், இதே கதை முதலிலிருந்து தொடங்கும். மாரி பிடிப்பதற்கு முன் அவற்றையும் கழற்றிச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். அதுவரை முன்பின் மாற்ற வேண்டாம், உறுமலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் உரிமையாளரோடு செய்துகொண்ட ஏற்பாடு.